உடன் வந்த உறவினர்

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வண்டியின் பின்பக்கம் நடப்பதில் பாதி எனக்குக் கண்ணாடியில் தெரியும், மீதி காதில் விழும். இதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் கதையைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளைவிட வயதில் மூத்த எங்கள் மேற்பார்வையாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் வீட்டுக்காரர் தையற்காரர். அவர்கூட நாங்கள் இருக்கும்போது வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். வண்டியின் பின்பக்கம்தான் அவள் ராஜ்ஜியம். மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் வைப்பாள், ரத்தம் ஒழுகினால் கட்டுப்போடுவாள், நின்றுபோன நெஞ்சை அழுத்தி அழுத்தி ஆஸ்பத்திரி வாசல் வரை ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பாள். இவ்வளவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்வாள்.

"அண்ணே, இடது கையத் தூக்கறேன். லேசாக் குத்தும், பொறுத்துக்கங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அண்ணன் நினைவே இல்லாமல் கட்டைபோல் கிடப்பார்.

"அவருக்கா கேக்கப் போகுது?" என்பேன் நான்.

"உனக்குக் கேக்குதுல்ல? நீ அங்க இருக்க, அவர் இங்க இருக்காரு. ரோட்டப் பாத்து ஓட்டு."

இந்த வேலைக்கு லைசென்ஸ் உண்டு. சில வருடங்களுக்கு ஒரு முறை திரும்பத் தேர்வு எழுதிப் புதுப்பிக்க வேண்டும். எழுத்துத் தேர்வை அக்கா முடித்துவிட்டாள். செய்முறைத் தேர்வுதான் பாக்கி. அது ஒரு ரப்பர் பொம்மையின் மேல் நடக்கும். நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மையில் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை என்பதற்குப் பொம்மைக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். அக்காவின் கெட்ட நேரம், அவள் லைசென்ஸ் முடிவதற்கு முன்னாலேயே பொம்மையின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனது போனதுதான்.

பொம்மை இல்லாமல் தேர்வு இல்லை, தேர்வு இல்லாமல் லைசென்ஸ் இல்லை. இப்படிக் காத்திருப்பவர்களுக்காகவே கால நீட்டிப்பு என்று ஒரு விதி இருக்கிறது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் தேர்வு முடியும் வரை பழைய லைசென்ஸே செல்லும். அக்கா எழுதிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

நீட்டிப்புப் பிரிவு அதிகாரி மிகவும் மரியாதைப்பட்டவர். உட்காரச் சொன்னார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். எதைச் சொன்னாலும் 'மன்னிக்கணும்' என்று தொடங்கினார். இவ்வளவு மன்னிப்புக் கேட்கிற மனிதர் ஏதோ பெரிய பாவம் செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதே பட்டது.

"மன்னிக்கணும்மா, தேர்வுத் தேதின்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அது காலியா இருக்கு."

"பொம்ம வந்தாத்தானே சார் தேதி சொல்லுவாங்க?"

"சரியாச் சொன்னீங்க. தேதி வந்ததும் எழுதிக் கொண்டாங்க, அன்னைக்கே நீட்டிச்சுத் தர்றேன்."

"தேதி வந்துட்டா நான் தேர்வே எழுதிடுவேனே. அப்புறம் நீட்டிப்பு எதுக்கு சார்?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். யோசித்துவிட்டு, "மன்னிக்கணும், அப்ப நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார்.

வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். பொம்மையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டிய கெடு நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று அழகாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். பொம்மைக்குக் கிடைத்துவிட்டது. அது டோக்கன் வாங்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை, எந்தக் கட்டத்தையும் நிரப்பவில்லை.

லைசென்ஸ் முடிந்த அன்று விதிப்படி அக்காவின் சீருடைச் சட்டையில் தைத்திருந்த பதவிப் பட்டையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்தான் பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக நீவி எடுத்தார். சட்டை வெளுத்திருந்ததால் பட்டை இருந்த இடம் மட்டும் புதுத்துணி நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. "ஊசி போன ஓட்டை அப்படியே இருக்கட்டும், அதே ஓட்டையில திரும்பத் தச்சுடலாம்" என்று சொல்லிச் சட்டையை மடித்து வைத்தார். அக்கா பிரிந்து விழுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மேற்பார்வையாளருக்குச் 'சுற்றறிக்கை' என்று பட்டப்பெயர். தும்மினாலும் எந்தச் சுற்றறிக்கையின்படி தும்மினார் என்று சொல்லக்கூடியவர். நிலையத்தில் ஒவ்வொருவராக லைசென்ஸ் முடிந்துகொண்டு வந்தது. வண்டிகள் வரிசையாக நின்றால் அவர் கழுத்துக்குக் கத்தி. கையைப் பிசைந்துகொண்டு நடந்தவர், ஒரு நாள் காலை முகம் மலர்ந்து எங்களைக் கூப்பிட்டார்.

"லைசென்ஸ் இல்லாதவங்க நோயாளியத் தொடக் கூடாது. சரியா? ஆனா நோயாளியோட சொந்தக்காரங்க ஒருத்தர் வண்டியில வரலாம். கன்ட்ரோல் ரூம்லேர்ந்து போன்ல சொல்லச் சொல்ல அந்தச் சொந்தக்காரங்க முதலுதவி செய்யலாம். சுற்றறிக்கையில இருக்கு." அக்காவைப் பார்த்தார். "உங்களுக்குச் சொந்தபந்தம் நிறையவா அக்கா?"

"இன்னைலேர்ந்து நிறைய" என்றேன் நான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "பொய்யி" என்றாள். ஆனால் அவள் பேசி முடிப்பதற்குள் போன் அடித்துவிட்டது; யாரோ ஒருவர் மாடிப்படியில் உருண்டு விழுந்திருந்தார். அக்கா வீட்டில் போடுகிற உடையிலேயே ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

வண்டிக்குள் இருக்கை விவகாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தலைமாட்டில் இருப்பது அக்காவின் இருக்கை. அதற்கு நேரே கேமரா. யார் அதில் உட்கார்ந்தாலும் கன்ட்ரோல் ரூமில் லைசென்ஸ் எண் கேட்பார்கள். அதனால் அதன் குறுக்கே மஞ்சள் நாடா கட்டிவிட்டோம். பக்கவாட்டில் உறவினர் இருக்கை, ஒன்றே ஒன்று. என் பக்கத்து இருக்கை பழுது பார்க்கப் போய், பொம்மைக்குத் துணையாக எங்கேயோ சான்றிதழுக்குக் காத்திருந்தது. அங்கே நான்கு போல்ட்டுதான் மிச்சம். ஆக, உறவு என்று ஒருவருக்குத்தான் இடம். அந்த இடத்தில் அக்கா.

பயணத் தாளில் 'உடன் வந்த உறவினர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது என் வேலை. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கிழவரென்றால் மகள் என்று எழுதினேன், பள்ளிப் பிள்ளையென்றால் அத்தை. பிரசவ வலி எடுத்தவளுக்கு நாத்தனார். குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்த ஒருவனை அக்கா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். அவனுக்கு மட்டும் மாமியார் என்று எழுதினேன்.

கன்ட்ரோல் ரூமில் ஒரு இளம்பெண். அவள் அட்டையைப் பார்த்துப் படிப்பாள். பேச்சு பதிவாகும் என்பதால் ஒரு வரி விடமுடியாது.

"பதட்டப்படாதீங்க. நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா."

"நோயாளி மூச்சு விடறாரான்னு பாருங்க."

"பாத்தாச்சு, ஆக்சிஜன் வச்சாச்சு, ரத்தம் நின்னாச்சு. நீ மெதுவாப் படிச்சுக்கிட்டு வாம்மா, எனக்கு அவசரமில்ல."

ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. அவளும் சமத்து. "உங்க குடும்பத்துக்கு நேரமே சரியில்ல போலிருக்கு அக்கா" என்றாள் ஒரு நாள், பதிவாகிற குரலில், துக்கம் விசாரிக்கிற மாதிரி.

நோயாளிகளின் வீட்டார் பெரும்பாலும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பின்னாலேயே ஆட்டோவிலோ பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலோ வந்துவிடுவார்கள். ஆள் பிழைத்தால் போதும், யார் யாருக்கு என்ன உறவு என்றா பார்ப்பார்கள்? அக்கா மட்டும் தினம் ஒரு முறை, "இது எங்க போய் முடியப் போகுதோ" என்பாள். அவள் வீட்டுக்காரர், "கல்யாணம் பண்ணும்போது உனக்கு ரெண்டு தம்பிதான்னு சொன்னாங்க, இப்ப ஊரே மச்சானாயிடுச்சு" என்று சிரிப்பார்.

விண்ணப்பத்தை அக்கா விடவில்லை. மாதம் ஒன்றாக எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுத்தில் பதில் வந்தது. 'தங்கள் நிலையத்தின் பயணத் தாள்கள் பரிசீலிக்கப்பட்டன. சேவையில் தொய்வு ஏதும் ஏற்படவில்லை. எனவே நீட்டிப்புக்கான தேவை எழவில்லை.' படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓடவைத்ததற்கு இதுதான் பரிசு. நாங்கள் நாலு பேரைச் சாகவிட்டிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அந்தப் பதில் வந்த வாரத்தில்தான் ஒரு சந்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

மதிய நேரம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்திருந்தார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஸ்ட்ரெச்சரை ஏற்றினோம். அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருடைய மாத்திரைப் பையோடு, படியிறங்கி ஓடிவந்து வண்டியில் காலை வைத்தார்.

"அம்மா, இடமில்ல, பின்னாடி ஆட்டோல வந்துடுங்க" என்றேன்.

"அந்த சீட்டு இருக்கே?" மஞ்சள் நாடாவைக் காட்டினார்.

"அதுல உக்காரக் கூடாதும்மா."

"அப்ப இவங்க யாரு?"

அக்கா அந்த நேரம் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி" என்றாள், பதிவாகிற குரலில்.

அந்த அம்மாளின் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். "அவருக்குத் தங்கச்சியே கிடையாதே" என்றார். நான் கதவைச் சாத்தினேன். பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. நோயாளியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அந்த அம்மாள் சந்தின் நடுவில் செருப்பும் கையுமாக நின்றிருந்தார்.

வழியில் பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "தம்பி, மெதுவாப் போகச் சொல்றாரு."

குலுங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். குலுங்கினாலும் பரவாயில்லை, சீக்கிரம் போனால்தான் பிழைப்பார் என்று இன்னும் அழுத்தினேன். ஆஸ்பத்திரி வளைவு திரும்பும்போது அக்காவின் பேச்சு நின்றது. அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் பிழைக்கவில்லை.

இந்த வேலையில் சாவு புதிதில்லை. புதிதாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஆஸ்பத்திரிக் கவுன்டரில் என் பயணத் தாளைப் பார்த்து, அவருடைய கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் ஒரு உறையில் போட்டுத் 'தங்கச்சி' கையில் கொடுத்தார்கள். அக்கா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கையெழுத்து வாங்கினார்கள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அந்த அம்மாளிடம், "நீங்க அவருக்கு என்ன வேணும்? அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்டவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அவன் என் கையெழுத்தைப் பார்த்துத்தானே கேட்டான்?

அக்கா உறையை அந்த அம்மாள் கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"இத்தன வருஷம் சேந்து வாழ்ந்துருக்கேன். எனக்குத் தெரியாம அவருக்கு ஒரு தங்கச்சியா? நெசத்தச் சொல்லும்மா, நீ அவருக்கு யாரு?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். லைசென்ஸ், பொம்மை, காலிக் கட்டம், மஞ்சள் நாடா, எதையும் விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்ப நீ உன் சீட்டுல உக்காந்திருந்தா, நான் அவர் பக்கத்துல வந்திருப்பேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

மறுநாள் அக்கா நீட்டிப்புப் பிரிவுக்குப் போனாள். டோக்கன் வாங்கவில்லை. நானும் பின்னால் நின்றேன். அதிகாரி வழக்கம்போல மின்விசிறியைத் திருப்பப் போனார்.

"காத்து வேணாம் சார். நீங்க தொய்வில்லன்னு எழுதினீங்களே, அது ஏன் இல்லன்னு சொல்ல வந்திருக்கேன். லைசென்ஸ் இல்லாம தினம் நோயாளியத் தொட்டுருக்கேன். சொந்தக்காரின்னு பொய் சொல்லித் தொட்டுருக்கேன். எழுதிக்கங்க. என் லைசென்ஸ் மொத்தமாப் போனாலும் போகட்டும். இன்னொரு பொண்டாட்டிய நான் ரோட்டுல விட மாட்டேன்."

அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மன்னிக்கணும், இத நான் கேக்கலம்மா."

"திரும்பச் சொல்றேன்."

"வேணாம், வேணாம்! கொஞ்சம் புரிஞ்சுக்கங்க. நீங்க தொட்டது தப்புன்னா, போன்ல சொன்னது தப்பு. அனுப்பினது தப்பு. தொய்வில்லன்னு எழுதின..." என்று ஆரம்பித்து மிச்சத்தை மென்று விழுங்கினார். அதை எழுதியவர் அவர்தான்.

எங்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து இன்னொரு அறைக்குப் போனார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இத்தனை மாதம் அசையாத அலுவலகம் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றினாற்போல் ஓடியது. எங்களுக்கு டீ வந்தது. டீயை முடிப்பதற்குள் ஆணையும் வந்தது. அக்காவின் உரிமக் காலம் நீட்டிக்கப்பட்டிருந்தது. இன்றிலிருந்து அல்ல, முடிந்துபோன நாளிலிருந்தே, முன்தேதியிட்டு. தேர்வுத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கோடு போட்டால் போதும் என்று முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"இப்ப எல்லாம் நேராயிடுச்சும்மா" என்றார் அதிகாரி. முதல் முறையாக மன்னிப்புக் கேட்காமல் பேசினார். "நீங்க ஒரு நாள்கூட லைசென்ஸ் இல்லாம இல்ல."

"அப்ப அன்னைக்கும் நான் என் சீட்டுலதான் இருந்தேனா?"

"சட்டப்படி, ஆமா."

"சொந்தக்காரங்க சீட்டு?"

அவர் ஆணையைப் புரட்டிப் பார்த்தார். "காலி."

அக்கா ஆணையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வீட்டுக்காரர் அதே ஓட்டைகளில் ஊசியை விட்டுப் பட்டையைத் திரும்பத் தைத்துக் கொடுத்தார். நான் மஞ்சள் நாடாவை அறுத்தெறிந்தேன்.

இங்கே கதையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அலுவலகம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது. முன்தேதிக்கு ஏற்ப எல்லாப் பயணத் தாள்களையும் திருத்தி, திருத்திய நகலை ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் அனுப்பியது. நான் எழுதிய மகள், அத்தை, நாத்தனார், மாமியார் எல்லோரும் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள்.

அந்த அம்மாள் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்காவைத் தேடிப் போய்க் காகிதத்தை நீட்டினார்.

"இதுல என்னமோ போட்டிருக்கே, படிச்சுச் சொல்லும்மா. நான் படிச்சது சரிதானான்னு பாக்கணும்."

அக்கா படித்தாள். 'உடன் வந்த உறவினர்: எவருமில்லை.'

"யாருமில்லாத மனுஷனாப் போயிட்டாருன்னு அரசாங்கமே எழுதியிருக்கு" என்றார் அந்த அம்மாள். "தங்கச்சின்னாவது இருந்துச்சு."

இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்று அலுவலகத்தில் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிவிட்டு வந்தவள் அக்கா. அவள் என்னைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, 'எவருமில்லை'யை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதினேன். சட்டப்படி அந்த இருக்கை காலி. அவர்களே சொன்னது. இத்தனை மாதம் எழுதிய உறவுகளில் நிஜமான உறவு அது ஒன்றுதான்.

எங்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. தொலைந்தோம் என்று நினைத்தேன். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் முத்திரையைக் கொண்டுவந்து, என் எழுத்தின் மேல் அழுத்திக் குத்தினார்.

"திருத்தத்துக்கும் திருத்தம் உண்டு. சுற்றறிக்கையில இருக்கு" என்றார். அப்படி ஒரு சுற்றறிக்கை கிடையாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த அம்மாள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "நான் எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?" என்று கேட்டார்.

அக்கா கைகொடுத்து ஏற்றினாள். உறவினர் இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். பிறகு தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நடுவில் ஸ்ட்ரெச்சர் வெறுமனே இருந்தது.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. வண்டிய மெதுவா ஓட்டச் சொன்னாரு" என்றாள் அக்கா. "நீங்க பின்னாடி வந்துக்கிட்டிருக்கீங்களாம், விட்டுட்டுப் போயிடக் கூடாதாம்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முன்னால் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு ஸ்டியரிங் மங்கலாகத் தெரிந்தது. போன் எதுவும் வரவில்லை. வண்டியைக் கிளப்பி அந்தச் சந்துக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அதே வழியில் மெதுவாக ஓட்டினேன்.